பினாங்கிலிருந்து வந்த மண்டையன்

வண்டியைக் கவிழ்த்துப் பிடித்தால் பிறந்த ஊர் தெரியும். அடித்தகட்டில் பொடி எழுத்தில் மேட்டல் என்று கம்பெனிப் பெயர், பக்கத்தில் மலேசியா. நிமிர்த்தி வைத்தால், ரேடியேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மண்டை ஓடு பல்லிளிக்கிறது. இன்ஜின் மூடியில்லாமல் துருத்திக்கொண்டிருக்கிறது. மொத்த நீளம் மூன்று அங்குலத்துக்குள். எடை நாற்பது கிராம் இருந்தால் அதிகம். ஹாட் வீல்ஸ் அட்டையில் இதற்குப் ‘போன் ஷேக்கர்’ என்று பெயர். உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில், என் அக்கா வீட்டில், இவன் ‘மண்டையன்’. முதுகில் பால்பாயிண்ட் ரீஃபிலில் செய்த இரட்டைத் துப்பாக்கி, பக்கவாட்டில் கொசுவலைத் துண்டில் செய்த கம்பித் தடுப்பு, சக்கரம் முழுக்கச் செம்மண். செவ்வாய் கிரகத்துக்கு டிக்கெட் வாங்குவதற்காக ஓடிக்கொண்டிருக்கிறான்.

ஆட்டத்தின் பெயர் கேஸ்லாண்ட்ஸ். மேசையில் சிறு உருவங்களை நகர்த்தி ஆடும் அறிவியல் புனைவுப் போர் ஆட்டம். இந்த வகை ஆட்டங்களுக்குப் பெட்டி வேண்டும், பெட்டிக்குப் பணம் வேண்டும், பணம் இருந்தாலும் நம் ஊரில் கடை வேண்டும். கேஸ்லாண்ட்ஸுக்கு இது எதுவும் வேண்டாம். அதற்கு வேண்டியதெல்லாம் எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் கொக்கியில் தொங்குகிற பொம்மைக் கார். அதனால்தான் மண்டையன் இந்த ஊர்வரை வந்து சேர முடிந்தது. வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி.

இவனை வரைந்தவர் லாரி வுட். ஃபோர்டு கம்பெனியில் வடிவமைப்பாளராக இருந்துவிட்டு, 1969இல் மேட்டலில் சேர்ந்து, வாழ்நாள் முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் கார்களையே வரைந்தவர். நிஜக் கார் கம்பெனியிலிருந்து பொம்மைக் கம்பெனிக்குப் போவது இறக்கம் என்று அன்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஹாட் வீல்ஸ் தொடங்கியதே அப்படிப்பட்ட ஆட்களால்தான். மேட்டலின் எலியட் ஹேண்ட்லர் 1968இல் முதல் பதினாறு கார்களை வெளியிட்டபோது, உடம்புகளை வரைய ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து ஹாரி பிராட்லி வந்திருந்தார். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜாக் ரயன். அவர் அதற்கு முன்பு ரேதியான் நிறுவனத்தில் ஸ்பேரோ, ஹாக் ஏவுகணைகளில் வேலை பார்த்த பொறியாளர். ஏவுகணைக்காரர் பொம்மைச் சக்கரத்தைத் தொட்டதால் உரசல் குறைந்தது, வண்டி பறந்தது. மற்ற பொம்மைக் கார்களைத் தள்ளினால் நின்றுவிடும். இவை ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். போன் ஷேக்கர் வந்தது 2006இல். மண்டை ஓட்டுக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. திரும்பத் திரும்ப வேறு வேறு நிறங்களில் வந்துகொண்டே இருக்கிறது.

அளவு மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது. லண்டனில் லெஸ்னி என்ற சிறு வார்ப்புப் பட்டறை இருந்தது. அதன் பங்குதாரர் ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. அப்பா பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து 1953இல் மேட்ச்பாக்ஸ் கார்கள் பிறந்தன. சிவகாசிக்காரர்கள் இதைக் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தவறில்லை. 1997இல் மேட்ச்பாக்ஸும் மேட்டல் கைக்கே போய்விட்டது. ஏறத்தாழ 64இல் ஒரு பங்கு என்ற அளவு நிலைத்துவிட்டது.

இனி வார்ப்பு. மண்டையன் பிறந்த ஆலை பினாங்கின் பிறை பகுதியில் இருக்கிறது; 1980களின் தொடக்கத்திலிருந்து மேட்டல் அங்கே ஹாட் வீல்ஸ் செய்கிறது. துத்தநாகத்தில் கொஞ்சம் அலுமினியம், மெக்னீசியம், செம்பு சேர்த்த ஜமாக் என்ற கலப்பு உலோகம். நானூறு டிகிரி செல்சியஸைத் தொடுவதற்கு முன்பே உருகிவிடும் என்பதால் பொம்மைக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. உருக்கு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால் கண் இமைக்கும் நேரத்தில் இறுகிவிடும். பிசிறோடு விழும் உடம்புகளைக் கற்களோடு போட்டு உலுக்கி வழவழப்பாக்குகிறார்கள். பிறகு வண்ணம். அதன்மேல் கோடுகளையும் எண்களையும் மெத்தென்ற சிலிக்கோன் முத்திரையால் ஒற்றுகிறார்கள். கண்ணாடி, இருக்கை, சக்கரம் கோத்த அச்சு, அடித்தகடு எல்லாவற்றையும் அடுக்கி, உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை நசுக்கினால் ரிவெட் ஆகிவிடும். அவ்வளவுதான், கார். 2018இல் பொன்விழா கொண்டாடியபோது, அதுவரை செய்த ஹாட் வீல்ஸ் 600 கோடிக்கு மேல் என்று மேட்டல் சொன்னது. நிஜக் கார் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்தும் இந்த எண்ணிக்கையைக் கண்டிருக்க மாட்டார்கள்.

பிறை இருக்கும் நிலம் 1800வரை கெடா சுல்தானுடையது. கெடாதான் நம் கடாரம். ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பிய அந்தக் கரையிலிருந்து, ஆயிரம் வருடம் கழித்து, சோழர் கல்வெட்டுகள் நிறைந்த ஊருக்கு நாற்பது கிராம் துத்தநாகம் வந்து சேர்ந்திருக்கிறது. இதில் அர்த்தம் எதுவும் தேடவேண்டாம். எனக்குச் சொல்லப் பிடித்திருக்கிறது, சொல்கிறேன்.

ஒரு காலத்தில் ஹாட் வீல்ஸை இந்தியாவிலேயே லியோ என்ற பெயர் சேர்த்துச் செய்தார்கள். அந்த லியோ கார்களுக்கு இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். இப்போது எல்லாம் இறக்குமதி. 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மைக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து ஒரே தாவாக 60 ஆனது, 2023இல் 70. நடுவில், 2021 ஜனவரி 1 முதல், இந்தியத் தர முத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது என்ற ஆணையும் வந்தது. சீனத்துப் பிளாஸ்டிக் குப்பையைத் தடுக்க வந்த ஆணை. குப்பை குறைந்தது உண்மை. கூடவே, வெளிநாட்டிலிருந்து ஒரு போர் ஆட்டப் பெட்டி வரவழைக்கலாம் என்று நினைத்தவனின் பர்ஸும் குறைந்தது. ஹாட் வீல்ஸ் மட்டும் இந்த மதில்களையெல்லாம் தாண்டி இருநூறு ரூபாய்க்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாற்பது கிராம் பொருளுக்கு அது கூடுதல் விலைதான். ஆனாலும் ஒரு பிரியாணி விலை.

மண்டையன் செங்கல்பட்டில் ஒரு பெரிய மளிகைக்கடையின் பொம்மைப் பகுதியில் தொங்கினான். உத்திரமேரூருக்கு வரவேண்டியவன் அல்ல. ஒரு சேகரிப்பாளரின் அலமாரிக்குப் போயிருக்கவேண்டியவன்.

சேகரிப்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். புதுச் சரக்கு வரும் நாளைக் கடைப் பையன்களிடம் கேட்டுவைத்துக்கொண்டு கதவு திறந்ததும் உள்ளே பாய்கிறவர்கள் அவர்கள். 1995 முதல் மேட்டல் ‘ட்ரெஷர் ஹன்ட்’ என்று சில கார்களை மட்டும் குறைவாகச் செய்து மற்ற கார்களோடு கலந்து அனுப்புகிறது. அதற்கென்று ஒரு சிறு அடையாளம் உண்டு. அதைத் தேடி அட்டை அட்டையாகப் புரட்டுவார்கள். கிடைத்தால் பிரிக்க மாட்டார்கள். அட்டையின் மூலை மடங்கினால் விலை போய்விடும் என்று அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போடுவார்கள். அவர்கள் ஆசையை நான் பழிக்கவில்லை. தபால்தலை சேர்த்தவன் நானும். ஆனால் உரசல் குறைவதற்கென்றே ஏவுகணைப் பொறியாளர் யோசித்த சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் சுவரில் தொங்குவதில் ஏதோ அநியாயம் இருக்கிறது.

அக்கா மகன் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னான். “அட்டையோட வெச்சிருந்தா அது வண்டி இல்ல மாமா. வண்டியோட போட்டோ.”

அவன் ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். விடிவதற்கு முன்பே ஊர் முனைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தது அவன்தான். யூடியூபில் யாரோ வெள்ளைக்காரர் ஹாட் வீல்ஸில் துப்பாக்கி ஒட்டுவதைப் பஸ்ஸில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான். பக்கத்து சீட்டில் இருந்தவனும் எட்டிப் பார்த்திருக்கிறான். அப்படி ஒரு நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருவன் கம்பெனிக்காரன் அல்ல. உத்திரமேரூரில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவன். அவன் சேர்ந்த பிறகுதான் காரியம் சூடுபிடித்தது.

ஆட்டத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். 1960களில் இங்கிலாந்தில் புரூக் பாண்ட் தேயிலைக் கம்பெனி, தூள் பாக்கெட்டுக்குள் போர் விமானப் படம் போட்ட சிறு அட்டைகளை வைத்துக் கொடுத்தது. பையன்கள் அதற்காகவே அம்மாவைத் தேயிலை வாங்க வைத்தார்கள். படங்களை வரைந்த டிக் வார்டு, இதைப் புத்தகமாகப் போடலாமே என்றார். தேயிலைக் கம்பெனி ஒத்துக்கொண்டு ஆஸ்ப்ரே என்று ஒரு பதிப்பகத்தைத் தொடங்கியது. முதல் புத்தகம் 1969இல் வந்தது. பிறகு படைகள், சீருடைகள், போர்கள் என்று ஆயிரக்கணக்கில் போட்டு, 2014இல் ஹாரி பாட்டர் வெளியிட்ட புளூம்ஸ்பரியின் கைக்குப் போனது. அந்த ஆஸ்ப்ரேதான் 2017இல் மைக் ஹட்சின்சன் எழுதிய கேஸ்லாண்ட்ஸை மெல்லிய புத்தகமாக வெளியிட்டது. 2019இல் பெருக்கித் திருத்திய கெட்டி அட்டைப் பதிப்பு. நம் வீடுகளில் பாக்கெட் பாக்கெட்டாகக் குடித்துத் தீர்த்த அதே புரூக் பாண்டின் தூரத்துச் சொந்தம் இந்த ஆட்டம்.

கதை இது. செவ்வாயில் குடியேறிய மனிதர்கள் பூமியோடு சண்டை போட்டு அதைச் சுடுகாடாக்கிவிட்டார்கள். மிச்சமிருக்கும் பூமிக்காரர்கள் பாலைவனத்தில் ஓட்டை வண்டிகளில் துப்பாக்கி கட்டிக்கொண்டு பந்தயம் ஓடுகிறார்கள். செவ்வாய்க்காரர்கள் அதை டி.வி.யில் பார்த்துக் கைதட்டுகிறார்கள். பருவம் முழுக்க ஜெயிப்பவனுக்குச் செவ்வாயில் குடியுரிமை. கொஞ்சம் யோசித்தால் இது அறிவியல் புனைவே அல்ல என்று தோன்றும், அதை விடுங்கள். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடுவதற்கு ஒழுங்கான விதிப் புத்தகம் எழுதி அதைப் பரவலாக்கியவர் எச். ஜி. வெல்ஸ். ‘லிட்டில் வார்ஸ்’ என்ற அந்தப் புத்தகம் 1913இல் வந்தது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு ஈயச் சிப்பாய்களைச் சாய்ப்பது ஆட்டம். உண்மைப் போரைவிட இது எவ்வளவு தேவலை பாருங்கள் என்று அதில் வாதாடினார். அடுத்த வருடமே உலகப் போர். அதே வெல்ஸ்தான் 1898இல் செவ்வாய்க்காரர்களைப் பூமிமேல் ஏவிவிட்டவர். செவ்வாயும் பொம்மைச் சண்டையும் ஒரே ஆளிடமிருந்து கிளம்பி, நூறு வருடம் கழித்து ஒரே புத்தகத்தில் சந்தித்திருக்கின்றன.

இந்த நூறு வருடத்தில் ஈயச் சிப்பாய் பெரிய வியாபாரம் ஆகிவிட்டான். நாட்டிங்காமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப், 1987இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய வார்ஹேமர் 40,000 ஆட்டத்தை வைத்து உலகம் முழுக்கக் கடை விரித்திருக்கிறது. அந்தப் பொம்மைகள் அழகு, அதில் சந்தேகமில்லை. கவசத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். ஆனால் சில வீரர்கள் மட்டும் இருக்கும் ஒரு பெட்டியே இங்கு வந்து சேர்வதற்குள் நாலாயிரம், ஐயாயிரம் என்று போய்விடும். ஒரு படைக்குப் பத்துப் பெட்டி வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி அந்தப் பக்கம் திரும்பக்கூட முடியாது. ஹட்சின்சன் செய்தது அந்த மதிலில் ஓட்டை போட்ட வேலை. பொம்மை ஏற்கனவே உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறது, நான் விதியை மட்டும் தருகிறேன் என்றார். வண்டி நகர வேண்டிய வளைவுகளை அளந்து வெட்டிய வார்ப்புருக்கள்தான் ஆட்டத்தின் முக்கியக் கருவி. அவற்றையும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அந்த வளைவுகள் அச்சாகி வெளியே வந்தன. நில அடங்கலும் ஜாதிச் சான்றிதழும் நகலெடுக்கும் மெஷின். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “டைலரிங் பேட்டர்னா தம்பி?” என்று கேட்டாராம். “ஆமாண்ணே” என்று சொல்லிவிட்டான். விளக்கப் போனால் பஸ் போய்விடும். வீட்டில் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டியாயிற்று. பகடைக்கும் தனியாகச் செலவில்லை. ஏணியும் பாம்பும் பெட்டியில் இருந்த ஆறுமுகப் பகடைகள் போதும்.

மண்டையனை அறுத்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அறுவை நடந்த இடம் டிங்கர் பட்டறை. நிஜமான டிப்பர் லாரியின் நசுங்கிய கதவு ஒரு பக்கம் கிடக்க, அதன் நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அட்டையைக் கிழித்தாயிற்று. வண்டியைக் கவிழ்த்து, ரிவெட்டின் தலையில் கூர் ஆணியால் ஒரு புள்ளி குத்தி, அதன்மேல் மெல்லிய டிரில் பிட்டை நிறுத்தி மெதுவாகச் சுற்றினால் துத்தநாகம் வெள்ளிச் சுருளாகக் கிளம்பி வரும். அவசரப்பட்டால் பிட் வழுக்கி உடம்பைக் கீறிவிடும். ரிவெட் தலை போனதும் அடித்தகடு கழன்று, கார் தனித்தனித் துண்டுகளாகக் கையில் விழும். உடம்பைப் பெயிண்ட் ரிமூவரில் போட்டால் கம்பெனி வண்ணம் சுருங்கித் தோல் தோலாக உரியும். பிறையில் எத்தனையோ மெஷின் சேர்ந்து பூசியது, ஒரு டீ ஆறுவதற்குள் போய்விட்டது. உள்ளே வெறும் சாம்பல் நிற உலோகம்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பட்டறைக்காரனின் கைவேலை. லாரிக்கு அடிக்கும் அதே பிரைமரை ஒரு மெல்லிய பூச்சு. ரீஃபில் குழாயை வெட்டி எம்-சீல் உருண்டையில் செருகித் துப்பாக்கி. ஸ்டேப்ளர் பின்னை மடித்துக் கைப்பிடி. கொசுவலையை ஃபெவிக்விக்கில் இறுக்கி ஜன்னல் கம்பி. பழைய தகரத் துண்டில் முன்பக்கம் ஒரு கலப்பை. எல்லாவற்றுக்கும் கேம்லின் அக்ரிலிக். துருவுக்கு மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. தூரிகையால் தீட்டினால் துரு தீட்டியதாகவே தெரியும். ஸ்பாஞ்சைப் பிய்த்து, காவியில் தொட்டு, முக்கால்வாசி வண்ணத்தைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஓரங்களில் மட்டும் தட்டவேண்டும். எங்கே துரு பிடிக்கும் என்பது பட்டறைக்காரனுக்குத் தெரியும்: மட்கார்டுக்குக் கீழே, கதவின் அடி ஓரத்தில், பின்சக்கரம் சேறு அடிக்கும் இடத்தில். யூடியூப் வெள்ளைக்காரர் கூரை நடுவில் துரு வைத்ததைப் பார்த்து, “அங்க எப்படிப்பா தண்ணி நிக்கும்?” என்று கேட்டான். மண்டையனின் துரு நியாயமான துரு. கடைசியாக, சலித்த எம்-சாண்ட் தூளைச் செம்மண் வண்ணத்தில் குழைத்துச் சக்கரங்களில் அப்பினார்கள்.

எம்-சாண்டுக்கு இங்கே பஞ்சமில்லை. உத்திரமேரூர் வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. ஏரியும் நெல்லும் ஒரு பக்கம், கல் குவாரியும் கிரஷரும் மறுபக்கம். டிப்பர் லாரிகள் தார்ப்பாய் மூடாமல் ஓடும் சாலையோரத்தில் வேப்பமரத்து இலைகள் சாம்பல் பூத்திருக்கும். வடக்கே போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். ஹூண்டாயும் ரெனோவும் ராயல் என்ஃபீல்டும் இருக்கும் பூமி. வடகிழக்கே மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை. 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, அடுத்த வருடம் கடைசி வண்டியை வெளியே அனுப்பியது. இந்தப் பையன்களின் தெருவிலேயே அந்த ஆலைக்குப் போய்வந்தவர்கள் உண்டு. கம்பெனிகள் ஓடிப்போன உலகம், தூசி, கிடைத்ததை வைத்து ஒட்டிய வண்டி, எங்கோ தொலைவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் முதலாளிகள் என்று ஹட்சின்சன் இங்கிலாந்தில் உட்கார்ந்து கற்பனை செய்த சாமான்களில் பாதி இங்கே ரெடிமேடாக இருக்கிறது. அதனால்தான் பிடித்ததா என்று கேட்டேன். “இல்ல மாமா, இடிக்கலாம். அதான் பிடிச்சிருக்கு” என்றான் அக்கா மகன். நாள் முழுக்க ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கார் கதவு பூட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை இடிக்கவேண்டும் என்று தோன்றாதா?

ஆட்டம் மொட்டை மாடியில், வெயில் தாழ்ந்த பிறகு. ஒரு சுற்றில் ஆறு கட்டம் உண்டு. முதல் கியரில் இருக்கும் வண்டி ஒரு கட்டத்தில் மட்டும் நகரும். ஐந்தாவது கியரில் இருப்பது ஐந்து கட்டத்திலும் நகரும். ஆகவே எல்லோருக்கும் கியர் ஏற்ற ஆசை. ஏற்ற ஏற்ற ஆபத்து வில்லைகள் குவியும். இங்கே அதற்குப் புளியங்கொட்டை. ஆறு சேர்ந்தால் வண்டி தடுமாறிச் சுழலும். அதுவரை சம்பாதித்த வேகம் போய் மறுபடி முதல் கியர். அதைவிடக் கொடுமை, சுழன்ற வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் எதிராளி முடிவு செய்வான். அவன் நேராகச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பான். நண்பர்களைப் பிரிப்பதற்கென்றே யோசித்த விதி.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. செவ்வாயில் பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகர்கள் வாக்குப் போடுவார்கள். அடிபட்டவனுக்கு வாக்கு விழும். அதைச் செலவழித்து உடைந்த வண்டியைத் திரும்பக் களத்தில் இறக்கலாம். வாக்குகளைச் சின்னச் சின்ன ஓலைத் துண்டில் செய்து ஒரு சொம்புக்குள் போட்டுவைத்திருக்கிறார்கள். உத்திரமேரூரில் வேறு எப்படிச் செய்வார்கள்? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறது. அது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனை மறுபடி சேர்க்கக்கூடாது, அவன் சொந்தக்காரனையும் சேர்க்கக்கூடாது என்றும் அதே கல்லில் உண்டு. மாடியிலும் கணக்கு கறார்தான். ஒவ்வொரு அணிக்கும் ஐம்பது கேன் பெட்ரோல். வண்டி, துப்பாக்கி, கவசம் எல்லாம் அதற்குள் வாங்கவேண்டும். சீட்டில் எழுதிக் காட்டாதவன் ஆடக்கூடாது; அவன் தம்பியும்.

மண்டையன் இதுவரை நிறைய இடி வாங்கியிருக்கிறான். விதிப்படி இடி என்பது பகடையில் விழுவது. வண்டியை நிஜமாக மோதத் தேவையில்லை. இவர்கள் மோதுகிறார்கள். முன்கலப்பை வளைந்தது, நிமிர்த்தாமல் அப்படியே வைத்துவிட்டார்கள். ஒருமுறை மாடியிலிருந்தே விழுந்து துப்பாக்கிகளில் ஒன்று போய், அந்த இடத்தில் புதிதாக வேறு நிற ரீஃபில். ஒவ்வொரு வெற்றிக்கும் கதவில் ஒரு வெள்ளைக் கோடு. பிறையில் இவனோடு ஒரே நாளில் வார்ப்பில் விழுந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ, அவர்களுக்கும் இவனுக்கும் அடித்தகட்டு எழுத்தைத் தவிர இப்போது ஒற்றுமை எதுவும் கிடையாது. சேகரிப்பாளர் சந்தையில் இவனுக்கு விலை பூஜ்யம். வாங்க வந்தவர் ஒருவர் உண்டு, ஆனால் அது வேறு கதை: பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பையன், தன் நடைவண்டியையே மாற்றிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தான்.

இப்போது அவர்கள் பேச்செல்லாம் பஸ்ஸைப் பற்றி. கேஸ்லாண்ட்ஸில் பஸ்ஸும் ஒரு போர் வண்டி. திரும்பச் சோம்பேறி, ஆனால் உடம்பு பலம், உள்ளே ஏகப்பட்ட ஆட்களை ஏற்றலாம். நம்மூர் அரசு பஸ் மாதிரியே ஒன்று வேண்டும் என்று ஆசை. ஹாட் வீல்ஸில் அப்படி ஒரு பஸ் வந்ததில்லை. டில்லி செண்டி கம்பெனியின் பின்னால் இழுத்து விடுகிற பிளாஸ்டிக் பஸ் இந்த அளவுக்குப் பெரிது. பட்டறைக்காரன் தகரத்தில் தானே மடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டான். பக்கத்தில் காஞ்சிபுரம் என்று பலகை எழுதுவது உறுதி. தகராறு வேறு இடத்தில்.

“பஸ் மட்டுமே முப்பது கேன்டா. மிச்சம் இருபதுல என்ன பண்ணுவ?”

“மண்டையன் பன்னெண்டு.”

“எட்டுல துப்பாக்கி?”

“பஸ்ஸுக்குத் துப்பாக்கி எதுக்கு? ஸ்டாப்புல நிக்காமப் போனாலே போதும்.”